எக்ஸ்ரே தின்றதா, ஏமாற்று தின்றதா?

"பார்சல் ஏர்போர்ட்டில் எக்ஸ்ரே மெஷினுக்குள் போய் வந்திருக்குதுங்க. அதனால்தான் உள்ளே இருந்ததெல்லாம் அழிந்துபோச்சு."

இந்த வாசகத்தை நாம் பலர் வாயால் கேட்டிருக்கிறோம். ஒரு முறை நாமே சொல்லியும் இருக்கிறோம். அப்படிச் சொன்னதற்காக வெட்கப்பட்ட கதையைப் பிறகு சொல்கிறோம்.

சென்ற தை மாதத்தில் தாராபுரம் பக்கத்திலிருந்து மளிகைக்காரர் ஒருவர் ரங்கே கவுண்டர் வீதியில் உள்ள நம் கடைக்கு வந்தார். முப்பது ஆண்டுகளாக நம்மிடம் பருப்பும் மிளகாயும் எடுப்பவர். அன்று சரக்கெடுக்க வரவில்லை. வெள்ளைச் சாக்குப்பையில் ஒரு பொருளைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பிரித்தால், எடை போட்டு அப்படியே பில்லும் அடித்துத் தரும் எலக்ட்ரானிக் தராசு. வடக்கே ஒரு விற்பனையாளரிடம் போனில் பேசி, பணம் கட்டி, விமானப் பார்சலில் பீளமேட்டுக்கு வரவழைத்திருக்கிறார். கடையில் உள்ள 600-க்கும் மேற்பட்ட சாமான்களின் பெயரையும் விலையையும் அவருடைய மகள் நான்கு இரவு உட்கார்ந்து எழுதி அனுப்ப, அதையெல்லாம் ஏற்றித்தான் அனுப்பினோம் என்று விற்றவர் சொல்கிறார். இங்கே வந்து மின்சாரம் கொடுத்தால் ஒரு பெயரும் இல்லை. தேதியும் நேரமும்கூடத் தப்பாகக் காட்டுகிறது.

"போன் போட்டுக் கேட்டேனுங்கண்ணா. ஏர்போர்ட் எக்ஸ்ரேயிலே மெமரி அழிஞ்சிருக்கும், அதுக்கு நாங்க பொறுப்பில்லை, மறுபடி ஏத்தித் தர மூவாயிரம் ஆகும்னு சொல்றாங்க. ஏனுங்கண்ணா, அப்படியும் ஆகுமுங்களா?"

மூவாயிரம் ரூபாய் என்பது கிராமத்து மளிகைக்கடையில் எத்தனை நாள் இலாபம் என்பதை இந்த இதழைப் படிக்கும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அவரிடம் நாம் ஒரே ஒரு கேள்வி கேட்டோம். "எடை சரியாகக் காட்டுதுங்களா?"

"எடை குண்டுமணி பிசகலீங்க."

அந்தப் பதிலிலேயே பாதி வழக்கு முடிந்துவிட்டது. எப்படி என்று சொல்வதற்குமுன், இந்த எக்ஸ்ரே பயம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

எக்ஸ்ரே கதிரை ஜெர்மனியில் ராண்ட்ஜன் என்ற பேராசிரியர் 1895-இல் கண்டுபிடித்தார். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கதிர் புகைப்படத் தகட்டில் நிழலாக விழுந்தது. எக்ஸ்ரேக்கும் புகைப்படத்துக்கும் உள்ள உறவு அன்றே தொடங்கியது. அதனால்தான் கேமராவில் ஃபிலிம் ரோல் போட்ட காலத்தில், விமான நிலைய எக்ஸ்ரேயில் ரோல் போனால் கெட்டுவிடும் என்று எல்லோரும் எச்சரித்தார்கள். அந்த எச்சரிக்கை பொய்யல்ல. வேகம் கூடிய ஃபிலிம் எக்ஸ்ரேயில் புகைமூட்டம் போட்டதுபோல் ஆகும். பலமுறை போனால் பாதிப்பு கூடிக்கொண்டே போகும். இன்று பல நாடுகளில் வந்துள்ள புதிய வகை ஸ்கேன் இயந்திரங்களில் ஒரே முறை போனாலும் ஃபிலிம் கெடும் என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் ரோலைத் தனிப் பையில் போட்டுக் கையோடு கொண்டு வந்தது நமக்கு நினைவிருக்கிறது.

ஃபிலிம் போய் ஃபிளாப்பி வந்தது. பயம் மட்டும் அப்படியே தங்கிவிட்டது. ஃபிளாப்பிக்கு எதிரி எக்ஸ்ரே அல்ல, காந்தம். ஃபிளாப்பியை ஸ்பீக்கர் பெட்டியின் மேல் வைத்து ஒரு மாதக் கணக்கைக் கோட்டை விட்டவர்கள் நம் வீதியில் உண்டு. பெயர் சொல்ல மாட்டோம். அவர்களே இதைப் படித்துச் சிரித்துக் கொள்வார்கள். பிறகு பென் டிரைவ், மெமரி கார்டு, பில் மெஷின், கேமராப் பெட்டி என்று ஒவ்வொன்றாகக் கடைக்குள் வந்தன. ஃபிலிமுக்குச் சொன்ன எச்சரிக்கையை இவற்றின் தலையிலும் கட்டிவிட்டோம்.

ஆனால் இந்தப் பயத்துக்கு அடிப்படையே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. மெமரி சிப் என்பதைக் கோடிக்கணக்கான குட்டிப் பானைகளின் அடுக்கு என்று நினைத்துக் கொள்ளலாம். ஒவ்வொரு பானைக்குள்ளும் துளி மின்னேற்றம் அடைத்து வைக்கப்படுகிறது. பானையில் இருக்கிறதா, இல்லையா என்பதைப் படித்துத்தான் கம்ப்யூட்டர் நம் கணக்கைத் திரும்பச் சொல்கிறது. மின்சாரம் நின்ற பின்னும் அந்தத் துளி வெளியேறாமல் இருப்பதற்குக் காரணம், பானையைச் சுற்றியுள்ள கண்ணாடி போன்ற மெல்லிய சுவர். கதிர் பாய்ந்தால் அந்தச் சுவருக்குள் சிறு மின்துகள்கள் பிய்ந்து, அடைத்து வைத்த துளியில் கொஞ்சம் குறையும். நிறையக் கதிர் பாய்ந்தால் நிறையக் குறையும். ஒரு கட்டத்தில் நிறைந்த பானையும் வெறும் பானையாகத் தோன்றும், கணக்கு பிசகும்.

ஆகவே கேள்வி, எவ்வளவு கதிர் என்பதுதான். வியாபாரிகளான நமக்கு எடையும் அளவும் சொன்னால்தான் மனம் ஒப்பும். கதிரின் அளவுக்கு 'கிரே' என்று ஓர் அலகு இருக்கிறது. பருப்புக்குக் கிலோ போல என்று வைத்துக் கொள்ளுங்கள்.

பெல்ட்டில் பார்சலை ஓடவிட்டுப் பார்க்கும் சாதாரண எக்ஸ்ரே இயந்திரம், ஒரு முறை கடக்கும்போது பார்சலுக்குக் கொடுப்பது ஏறக்குறைய ஒரு கிரேயின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. மண்ணிலிருந்தும் பாறையிலிருந்தும் வானத்திலிருந்தும் இயற்கையாகவே நம்மீது சிறிது கதிர் விழுந்து கொண்டிருக்கிறது. அந்தக் கணக்கில் பார்த்தால், ஒரு பென் டிரைவ் நம் கல்லாப்பெட்டியில் அரை நாள் சும்மா கிடந்தாலே இந்த அளவு சேர்ந்துவிடும். கேரளத்தில் சவறாக் கடற்கரை மணலைப் போன்ற இடங்களில் இன்னும் சீக்கிரமே சேரும். விமானம் உயரத்தில் பறக்கும்போது வானத்துக் கதிர் கூடுதல் என்பதால், சிங்கப்பூருக்குப் போகிற பார்சலுக்குப் பெல்ட் இயந்திரத்தில் கிடைப்பதைவிடப் பயணத்தில் கிடைப்பதே அதிகம்.

மெமரி சிப்பில் தவறு எட்டிப்பார்க்கத் தொடங்குவது எப்போது? ஆராய்ச்சியாளர்கள் சிப்புகளை வேண்டுமென்றே கதிரில் வைத்துச் சோதித்திருக்கிறார்கள். சிப்பின் வகையைப் பொறுத்துச் சில பத்து கிரேயிலிருந்து நூறு கிரேக்கு மேல் வரை அந்த எல்லை மாறுகிறது. குறைந்தபட்சமாக 30 கிரே என்றே வைத்துக் கொள்வோம். அந்த அளவை எட்ட ஒரு பார்சலைப் பெல்ட்டில் மூன்று கோடி முறை ஓட்ட வேண்டும். நிமிடத்துக்குப் பத்து முறை வீதம் இராப்பகலாக ஓட்டினாலும் ஐந்தரை ஆண்டு தாண்டும். பெரிய பெட்டிகளைச் சுற்றிச் சுற்றிப் படமெடுக்கும் இயந்திரங்கள் இதைவிட நூறு மடங்கு கொடுப்பதாக வைத்துக் கொண்டாலும், மூன்று லட்சம் முறை.

கப்பல் சரக்கு வரவழைக்கும் உறுப்பினர்கள் வேறொரு கேள்வி கேட்பார்கள். தூத்துக்குடி, சென்னைத் துறைமுகங்களில் கண்டெய்னரையே லாரியோடு நிறுத்தி ஊடுருவிப் பார்க்கிறார்களே, அது பலமானதாயிற்றே? உண்மைதான். இரும்புச் சுவரையும் உள்ளே அடுக்கிய சரக்கையும் துளைத்துப் பார்க்க வேண்டியிருப்பதால் அந்தக் கதிரின் வேகம் மிகக் கூடுதல். ஆனால் கண்டெய்னர் அதைக் கடக்கும் நேரம் சொற்பம். உள்ளே உள்ள சரக்குக்குச் சேர்வது ஒரு கிரேயின் ஆயிரத்தில் ஒரு பங்கைச் சுற்றியோ அதற்கும் கீழேயோதான். அதிலும் நம் 30 கிரே எல்லைக்கு இன்னும் முப்பதாயிரம் மடங்கு இடைவெளி இருக்கிறது. மனித உயிரைப் போக்க நான்கைந்து கிரே போதும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பென் டிரைவைக் கெடுக்கும் அளவு கதிர் ஒரு பார்சல் ஆபீசில் கசிந்தால், பென் டிரைவுக்கு முன்பே ஆட்கள் விழுந்துவிடுவார்கள்.

இன்னொரு சந்தேகமும் நம்மிடம் கேட்கப்படுவதுண்டு: எக்ஸ்ரேயில் போன பருப்பைத் தின்னலாமா? தாராளமாகத் தின்னலாம். இயந்திரத்தை நிறுத்தியவுடன் கதிரும் நின்றுவிடும். பொருளுக்குள் எதுவும் தங்காது. பாக்கெட் போடும் ஆலைகளில் கல், இரும்புத் துண்டு கிடக்கிறதா என்று பார்ப்பதற்கே எக்ஸ்ரே வைத்திருக்கிறார்கள்.

இனி, உண்மையிலேயே மெமரியைக் கொல்லும் கதிர் எங்கே இருக்கிறது என்று சொன்னால், மளிகைக்காரர்கள் ஆச்சரியப்படுவார்கள். அது நம் தொழிலுக்குள்ளேயே இருக்கிறது. வெங்காயம் முளைவிடாமல் இருக்கவும், மசாலாப் பொருளில் பூச்சியும் கிருமியும் ஒழியவும் காமா கதிர் பாய்ச்சும் முறையைப் பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தார் வளர்த்தெடுத்தார்கள். 1994-இல் வெங்காயம், உருளைக்கிழங்கு, மசாலாப் பொருட்களுக்கு மத்திய அரசு அனுமதி அளித்தது. மும்பைக்கு அருகே வாஷியில் மசாலாவுக்காக 2000-இல் ஒரு நிலையம் தொடங்கியது. நாசிக் மாவட்டம் லாசல்காவில் வெங்காயத்துக்காக ஏற்பட்ட நிலையத்தில் கதிர் பட்ட மாம்பழம்தான் 2007-இல் அமெரிக்காவுக்குப் போனது. அந்த விதிகளில் வெங்காயத்துக்குக் கொடுத்த அளவு 30 முதல் 90 கிரே. மசாலாவுக்கு 6,000 முதல் 14,000 கிரே! மிளகு, மஞ்சள் ஏற்றுமதி செய்கிற நண்பர்கள் மாதிரிப் பொட்டலத்தோடு விவரம் அடங்கிய பென் டிரைவையோ, வெப்பநிலை பதியும் கருவியையோ மூட்டைக்குள் வைத்து அப்படியே கதிர் நிலையத்துக்கு அனுப்பிவிடக் கூடாது. அங்கே போனால் அது திரும்ப உயிரோடு வராது.

அமெரிக்காவில் தபாலுக்கே இது நடந்தது. 2001 செப்டம்பர், அக்டோபரில் யாரோ ஆந்திராக்ஸ் கிருமிப் பொடியைக் கடித உறைகளில் போட்டு அனுப்ப, ஐந்து பேர் இறந்தார்கள். அவர்களில் இருவர் தபால் ஊழியர்கள். அதன்பின் வாஷிங்டனில் அரசு அலுவலகங்களுக்குப் போகும் கடிதங்களுக்கு எலக்ட்ரான் கதிர் பாய்ச்சிக் கிருமியைக் கொன்றார்கள். அளவு மசாலாவுக்கானதையும் தாண்டிப் பல பத்தாயிரம் கிரே. காகிதம் மஞ்சளித்து மொறுமொறுப்பானது, பிளாஸ்டிக் இளகியது. ஃபிலிம், மருந்து, விதை, மின்னணுப் பொருள் எல்லாம் கெடக்கூடும் என்று தபால் துறையே சொன்னது. தபாலில் போனால் மெமரி அழியும் என்ற பேச்சு உலகெங்கும் பரவியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது நம் எண்ணம். அது கிருமி கொல்லும் கதிர். சோதனை எக்ஸ்ரே அல்ல. பெயர் ஒன்றுபோல் ஒலிப்பதால் இரண்டையும் ஒரே தட்டில் வைத்துவிட்டார்கள்.

மின்னணுப் பலகை தயாரிக்கும் ஆலைகளில் சிப்புக்கு அடியில் ஈயப்பற்று சரியாக இருக்கிறதா என்று எக்ஸ்ரேயில் கிட்ட வைத்து நெடுநேரம் பார்ப்பார்கள். அங்கே மட்டும் அளவு பார்த்து, துத்தநாகத் தகடு மறைத்துச் செய்யும்படி சிப் தயாரிப்பாளர்கள் அறிவுரை கொடுக்கிறார்கள். அது ஆலைக்காரர்கள் பாடு.

இப்போது நம் சொந்தக் கதைக்கு வருகிறோம்.

2017-இல் ஜி.எஸ்.டி. வந்த புதிது. கடைக் கம்ப்யூட்டர் நத்தைபோல் நகர்ந்தது. கணக்குப் பார்க்கும் பையன், "பழையதையெல்லாம் பென் டிரைவில் எடுத்து வைத்துவிட்டு இங்கே அழித்துவிடலாங்க" என்றான். சரி என்றோம். கடைவாசலில் கூவி விற்றவனிடம் 64 ஜி.பி. என்று போட்ட பென் டிரைவை 250 ரூபாய்க்கு வாங்கினோம். கம்பெனி விலையில் அது கால் பங்குகூட இல்லை என்று பையன் சொன்னான். நாமோ சாமர்த்தியமாக வாங்கிவிட்டதாக நினைத்தோம். ஐம்பது பைசாவுக்காக உளுந்து மூட்டையைக் கையை விட்டுத் துழாவிப் பார்க்கும் நாம், இதை உறையைக்கூடத் திருப்பிப் பார்க்காமல் வாங்கினோம். முதலில் பேத்தியின் காதுகுத்து வீடியோவைப் போட்டுப் பார்த்தோம். அழகாக ஓடியது. அதன்மேல் இரண்டு வருடக் கணக்கையும், செல்போனில் படம் பிடித்த பில்களையும் ஏற்றி, சென்னையில் இருக்கும் ஆடிட்டருக்கு விமானக் கூரியரில் அனுப்பினோம்.

நான்காம் நாள் ஆடிட்டர் போன் செய்தார். "பெயரெல்லாம் இருக்குங்க. திறந்தா ஒன்னும் வரலை."

கூரியர் ஆபீசுக்குப் போய் நாம் போட்ட சத்தம் வீதி முழுக்கக் கேட்டிருக்கும். எக்ஸ்ரேயில் போட்டு அழித்துவிட்டீர்கள் என்பதுதான் நம் குற்றச்சாட்டு. கல்லாவில் இருந்த தம்பிக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். "எல்லாப் பார்சலும் அதிலேதானுங்க போகுது. எங்க கையிலே ஒன்னும் இல்லீங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நாம் கேட்கவில்லை. அவர்களுக்குத் தர வேண்டிய மூன்று மாத பில்லை நிறுத்தினோம். பக்கத்துக் கடைக்காரர்கள் இரண்டு பேரையும் அங்கே அனுப்பாதீர்கள் என்று தடுத்தோம். அந்த இழப்பில் ஒரு பகுதியை அந்தத் தம்பியின் சம்பளத்தில் பிடித்தார்கள் என்பது நமக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

பென் டிரைவ் திரும்பி வந்ததும் கிராஸ்கட் ரோடு பக்கத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் ஒருவரிடம் கொடுத்தோம். அவர் செருகிப் பார்த்துவிட்டு, "வீடியோ நல்லா ஓடுதுங்களே" என்றார். காதுகுத்து தெளிவாக ஓடிக் கொண்டிருந்தது. தாய்மாமன் மடியில் குழந்தை அழுகிறது, ஆசாரி ஊசியை எடுக்கிறார், ஒரு கோடு விழவில்லை. "எக்ஸ்ரே வந்து காதுகுத்தை விட்டுவிட்டுக் கணக்கை மட்டும் பொறுக்கித் தின்னுமுங்களா?" என்று அவர் கேட்டபோது நமக்கு வாய் அடைத்துப் போயிற்று.

பிறகு அவர் ஒரு சோதனை செய்து காட்டினார். பென் டிரைவ் முழுக்க எழுதி, எழுதியதைத் திரும்பப் படிக்கும் மென்பொருள் இருக்கிறது, இலவசமாகவே கிடைக்கும். எட்டு ஜி.பி. வரை எழுதியது அப்படியே திரும்ப வந்தது. அதற்குமேல் எழுதியது எதுவும் வரவில்லை. உள்ளே இருந்த சிப் எட்டு ஜி.பி. மட்டுமே. 64 என்று பொய் சொல்லும்படி அதன் கட்டுப்பாட்டுச் சிப்பை மாற்றி வைத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டரும் நம்பிவிடும். கோப்புகளின் பெயர்ப்பட்டியல் முன்னாலேயே பதிந்துவிடுவதால் பெயர் தெரியும். சரக்கு மட்டும் இருக்காது. எட்டுப்படி மூட்டைக்கு அறுபத்து நாலு படி என்று சீட்டு ஒட்டியதுபோல. முதலில் போட்ட காதுகுத்து அந்த எட்டுக்குள் அடங்கித் தப்பியது. கணக்கு பார்சலில் ஏறும் முன்பே, நம் கடை மேசையிலேயே தொலைந்திருக்கிறது.

நல்ல வேளையாக நம் பழைய கணக்குப்பிள்ளை கம்ப்யூட்டரை நம்பாதவர். சிட்டாவும் பேரேடும் கைப்பட எழுதி வந்தார். அதை வைத்து இரண்டு மாதம் உட்கார்ந்து முக்கால்வாசியைத் திரும்ப எழுதினோம். மீதியில் சில்லறைக் கடைக்காரர்களின் பற்று கொஞ்சம் நின்றுபோனது. பல்லடத்துக் கடைக்காரர் ஒருவர் தம் நோட்டைக் கொண்டுவந்து காட்டி, நம் கணக்கில் இல்லாத 7,000 ரூபாயைத் தாமாகவே கொடுத்தார். எல்லோரும் அப்படி இல்லை. அதைப் பேசிப் பயனில்லை.

கூரியர் ஆபீசுக்கும் போனோம். நிறுத்திய பில்லைக் கட்டி, அந்தத் தம்பிக்குப் பிடித்த தொகையையும் கொடுத்தோம். பணத்தைக் கொடுப்பது சுலபமாக இருந்தது. அத்தனை பேர் நடுவில் சத்தம் போட்டவர், அத்தனை பேர் நடுவில் தவறு நம்முடையது என்று சொல்வது சுலபமாக இல்லை. சொன்னோம். "போகட்டுங்க" என்றார் அவர்.

இந்த அனுபவத்தால்தான் தாராபுரத்துக்காரரிடம் எடை சரியா என்று கேட்டோம். எலக்ட்ரானிக் தராசுக்குள் எடைத் திருத்த விவரம் ஒரு சிப்பில் நிரந்தரமாக எழுதப்பட்டிருக்கும். சாமான் பட்டியலும் கடிகாரமும் பல மாடல்களில் வேறொரு சிப்பில், காசு வடிவ பேட்டரி கொடுக்கும் மின்சாரத்தில் உயிர் வாழும். இரண்டும் ஒரே பெட்டியில், ஒரே எக்ஸ்ரேயில் போனவை. எக்ஸ்ரே அழித்திருந்தால் எடை விவரமும் போயிருக்க வேண்டும். பட்டியலும் கடிகாரமும் மட்டும் போனதென்றால் சந்தேகம் பேட்டரிமேல்தான். கிராஸ்கட் ரோடு நண்பரே வந்து அடியில் உள்ள பேட்டரி மூடியைத் திறந்தார். பேட்டரி தன் பிடியிலிருந்து விலகிச் சாய்ந்து கிடந்தது. வழியில் எங்கோ குலுங்கியிருக்கிறது.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். எடை அளவைத் துறையின் முத்திரை உள்ள பாகத்தை அவர் தொடவில்லை. முத்திரை உடைத்துத் திறந்த தராசை மறுபடி முத்திரை போடாமல் கடையில் வைத்து எடை போட்டால் அது தனி வழக்காகும். பழுது பார்க்கிறேன் என்று யாராவது வந்தால் முதலில் எந்தத் திருகைக் கழற்றுகிறார் என்று கூடவே நின்று பாருங்கள்.

விற்றவருக்குப் போன் போட்டுப் பேசினோம். முதலில் எக்ஸ்ரே என்றார். எடை எப்படித் தப்பித்தது என்று கேட்டோம். சற்று நேரம் சத்தமில்லை. பிறகு பேட்டரி பிடி தளர்ந்திருக்கலாம் என்று ஒப்புக்கொண்டு, பட்டியலைக் காசில்லாமல் அனுப்பி வைத்தார். ஒப்புக்கொள்ளாமல் போயிருந்தாலும் வழி இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், வியாபாரத்துக்கு வாங்கினவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்றாலும், சுயதொழிலில் தம் பிழைப்புக்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துபவருக்கு விலக்கு உண்டு. தாமே கல்லாவில் உட்காரும் சிறு மளிகைக்காரர் அதில் வருவார்.

கணக்கு விஷயத்தில் ஜி.எஸ்.டி. சட்டம் இன்னும் கண்டிப்பானது. ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்யக் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்கைக் காப்பாற்றி வைக்க வேண்டும். கம்ப்யூட்டரில் வைப்பவர்கள், விபத்தாலோ இயற்கைக் காரணத்தாலோ அழிந்தாலும் நியாயமான காலத்துக்குள் மீட்டெடுக்கும்படி மாற்றுப் பிரதி வைக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. எக்ஸ்ரே அழித்துவிட்டது என்று அதிகாரியிடம் சொன்னால் நடக்காது.

பென் டிரைவை 72 மாதம் பீரோவில் பூட்டி வைத்தாலும் போதாது. மேலே சொன்ன பானைகளில் அடைத்த மின்துளி தானாகவே மெல்லக் கசியும். வெப்பம் கூடக் கூடக் கசிவும் கூடும். சிப் தொழிலில் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் உள்ள எஸ்.எஸ்.டி., எழுதி எழுதி முழு ஆயுளும் தேய்ந்த நிலையில், மின்சாரமின்றி 30 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு தாங்கினால் போதும் என்பதே அது. புதியது பல ஆண்டு தாங்கும். ஆனால் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கடியில் கிடப்பதற்கு யாரும் உத்தரவாதம் கொடுப்பதில்லை. மூடிய லாரியில் இரண்டு நாள் வெந்து வரும் பார்சலுக்குப் பெல்ட் எக்ஸ்ரேயைவிட அந்த வெக்கையே பெரிய விரோதி. எழுதிக் கொண்டிருக்கும்போதே வெடுக்கென்று பிடுங்குவதும், மின்சாரம் ஏறி இறங்குவதும் அதைவிடப் பெரியவை.

நம் கடையில் இப்போது கணக்கின் ஒரு பிரதி கம்ப்யூட்டரில், ஒன்று வீட்டில் உள்ள ஹார்ட் டிஸ்கில், ஒன்று ஆடிட்டரிடம். ஆயுத பூஜைக்கு முன்தினம் எல்லாவற்றையும் செருகித் திறந்து பார்ப்பது வழக்கமாகிவிட்டது. புதிதாக வாங்கும் பென் டிரைவை முழுக்க எழுதிப் படித்துப் பார்த்த பிறகுதான் கணக்குக்குத் தொடுகிறான் பையன். கணக்குப்பிள்ளை இன்னும் பேரேடு எழுதுகிறார். நிறுத்தச் சொல்ல நமக்குத் தைரியம் இல்லை.

சிலர் பார்சல்மேல் 'எக்ஸ்ரேயில் போடக்கூடாது' என்று சிவப்பு மையில் எழுதி அனுப்புகிறார்கள். விமானத்தில் போகும் சரக்கைச் சோதிக்காமல் ஏற்ற மாட்டார்கள்; ஏற்றவும் கூடாது. 1985 ஜூன் 23-இல் 329 பேரோடு வெடித்து அட்லாண்டிக் கடலில் விழுந்த ஏர் இந்தியா கனிஷ்கா விமானத்தை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அன்று டொராண்டோ விமான நிலையத்தில் பெட்டிகளைப் பார்த்துக் கொண்டிருந்த எக்ஸ்ரே இயந்திரம் பாதியில் பழுதாகி நின்றுவிட்டது. அதன்பின் வந்த பெட்டிகளைக் கைக்கருவியால் மேலோட்டமாகத் தடவிப் பார்த்துத்தான் ஏற்றினார்கள்.

அந்தக் கூரியர் ஆபீசில் இன்றைக்கு அந்தத் தம்பிதான் பொறுப்பாளர். ஆடிட்டருக்குப் பார்சல் கொண்டு போனால் எடை போட்டுச் சீட்டு எழுதிவிட்டு, தலையை நிமிர்த்தாமலே கேட்கிறார்: "எக்ஸ்ரேயிலே போடலாமுங்களா?"

போடச் சொல்லிவிட்டுத்தான் வருகிறோம்.